பில் வந்ததும் நின்றுபோகும் ஸ்கிரிப்ட்: பிரிண்டரை மாற்ற வேண்டாம்

ஆசிரியருக்கு,

நெட்வொர்க் பில் பிரிண்டரைப் பைத்தான் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) வைத்து ஓட்டும் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார்: பில் சரியாக வருகிறது, வந்த கையோடு ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது. உடனே பிரிண்டரை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். வீண் செலவு. முழு பில்லும் வெளியே வந்துவிட்டதென்றால், கோளாறு பெரும்பாலும் ஸ்கிரிப்ட் இணைப்பை முடிக்கும் இடத்தில்தான்.

முதலில் ஸ்கிரிப்டை ஒதுக்கிவிட்டு, நெட்கேட் (நெட்வொர்க்கில் தரவை நேரடியாக அனுப்பும் கட்டளை) மூலம் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலைப் பிரிண்டர் பில்லை வாங்கிக்கொள்ளும் 9100 போர்ட்டுக்கு நாலைந்து முறை அனுப்பிப் பாருங்கள். ஒழுங்காக அச்சானால் கேபிளையும் பிரிண்டரையும் சந்தேகிக்க வேண்டாம். பிறகு ஸ்கிரிப்ட் காட்டும் பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படியுங்கள்.

'டைம்டு அவுட்' என்றிருந்தால், வராத பதிலுக்காக ஸ்கிரிப்ட் காத்திருந்திருக்கிறது. 9100 வழியே போவது வெறும் பைட்டுகள். அச்சிட்டு முடித்ததைப் பிரிண்டர் தானாக வந்து சொல்லாது. இஎஸ்சி-பிஓஎஸ் (பில் பிரிண்டர்களுக்கான கட்டளைத் தொகுப்பு) பிரிண்டர் என்றால் 16, 4, 1 என்று மூன்று பைட் அனுப்பிக் கேட்க வேண்டும். ஒரு பைட்டில் நிலவரம் வரும். 'ப்ரோக்கன் பைப்' என்றிருந்தால் கதை வேறு. காலையில் திறந்த சாக்கெட்டையே (ஸ்கிரிப்ட் பக்கத்து இணைப்பு முனை) நாள் முழுக்க வைத்திருக்கிறார்கள். சும்மா கிடந்த இணைப்பைப் பிரிண்டர் துண்டித்துவிட்டது. அடுத்த பில் அனுப்பும்போதுதான் அது தெரியவரும்.

ஒவ்வொரு பில்லுக்கும் தனியாக ஒரு இணைப்பைத் திறந்து மூடினால் போதும். பைட்டுகளை அனுப்பும் 'செண்ட்' கட்டளை பாதி பைட்டுகளோடு திரும்பிவிடக்கூடும்; எல்லாவற்றையும் அனுப்பும் 'செண்ட்ஆல்' பயன்படுத்துங்கள். பின் இணைப்பின் அனுப்பும் பக்கத்தை மட்டும் மூடி, 2 விநாடி டைம்அவுட் வைத்து, வருவதைப் படித்துவிட்டு முழுதாக மூடுங்கள். அந்த டைம்அவுட் பிழையால் ஸ்கிரிப்ட் நிற்காதபடி, பைத்தானின் 'எக்செப்ட்' அதைப் பிடிக்க வேண்டும். படிக்காமல் விடுவதில் ஒரு வம்பு உண்டு: தானியங்கி நிலை அறிவிப்பு (நிலை மாறும்போது கேட்காமலே தெரிவிப்பது) இயங்கும் பிரிண்டர் 4 பைட் அனுப்பியிருக்கும். அவை படிக்கப்படாமல் கிடக்க சாக்கெட்டை மூடினால், லினக்ஸ் இணைப்பை முறித்துவிடும். பில்லின் கடைசி வரிகளும் காகிதம் வெட்டும் கட்டளையும் தொலையலாம். அறிவிப்பு தேவையில்லையென்றால் 29, 97, 0 அனுப்பி நிறுத்திவிடலாம்.

ஸ்கிரிப்ட் செத்தால் தானாக மறுபடி தொடங்கும்படி வைப்பது பலர் செய்யும் ஒட்டுவேலை. அச்சான பில்லை, அச்சிடக் காத்திருக்கும் பில்களின் வரிசையிலிருந்து நீக்கும் ஸ்கிரிப்ட் வரி, இணைப்பை மூடும் வரிக்குப் பின்னால் இருந்தால், ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் அதே எண்ணுள்ள பில் இன்னொரு முறை வரும். நீக்கும் வரி 'செண்ட்ஆல்' முடிந்த உடனே இருக்கட்டும். மூடும்போது வரும் பிழையை லாகில் (பதிவுக் கோப்பில்) எழுதிவிட்டு ஸ்கிரிப்ட் அடுத்த பில்லுக்குப் போகட்டும்.

– வாசகர், ஈரோடு