எங்கள் அடுப்படிக்கும் ஒரு சீட்டு எழுதித் தாருங்கள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும், வார்டில் எங்களுக்குச் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் டயட்டீஷியன்களுக்கும்,

வணக்கம்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் எனக்கு, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. அப்போது என் எடை 118 கிலோ. சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சடைப்பு எல்லாம் இருந்தன. இன்று 79 கிலோ. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது மாடி வகுப்புக்கு நிற்காமல் ஏறிப் போகிறேன். இதற்கு உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. அந்த நன்றி மனதில் இருப்பதால்தான் இதை எழுதவும் தோன்றியது.

டிஸ்சார்ஜ் ஆன அன்று இரண்டு பக்கச் சாப்பாட்டுச் சீட்டு ஒன்றைக் கையில் தந்தார்கள். முழுக்க ஆங்கிலம். ஓட்ஸ், ப்ரோக்கோலி, கிரேக்கத் தயிர் என்று பட்டியல் போனது. எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் சமைப்பது நானில்லை, என் அத்தை. மாமியார் என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்கு அவர் அத்தைதான். ஐந்து நாளும் வெந்நீர் பிளாஸ்க்கோடு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். டயட்டீஷியன் பேசிய பதினைந்து நிமிடத்தில் அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. எனக்கும் கூப்பிடத் தோன்றவில்லை. மருந்து மயக்கத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும் என்று சீட்டில் இருந்தது. அத்தை கஞ்சித் தெளிவு, ரசத் தெளிவு, இளநீர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். நம் ஊரில் நோயாளிச் சாப்பாடு என்றாலே அரிசியைச் சுற்றித்தானே வரும்? அப்புறம் மென்மையான உணவு என்றதும் இட்லி, குழைய வடித்த சாதம். எல்லாம் சுலபமாக இறங்கியது. எதிலும் புரோட்டீன் போதுமான அளவு இல்லை. காயம் ஆறவும், கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்து போகாமல் இருக்கவும் தினமும் 60 கிராமாவது புரோட்டீன் வேண்டும் என்று சீட்டில் ஒரு வரி இருந்தது. அதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் அவர் தராசில் 60 கிராம் துவரம்பருப்பை நிறுத்து வேகவைத்துவிட்டார். அவர் புரிந்துகொண்டதில் என்ன தப்பு? 60 கிராம் பருப்பில் ஏறக்குறைய 13 கிராம்தான் புரோட்டீன் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

இதையே, ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு இட்லியில் 2தான் என்று எழுதித் தந்திருந்தால் அத்தை விரல்விட்டு எண்ணியிருப்பார். எண்ணிக் கணக்குப் பார்த்துச் சமைப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

மூன்றாவது வாரம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். நான் துவண்டு கிடப்பதைப் பொறுக்காமல் அத்தை உளுந்தங்களி கிண்டினார். வயதுக்கு வந்த பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இடுப்புப் பலத்துக்கு எங்கள் பக்கம் கொடுப்பது. கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய் எல்லாம் தாராளமாக. நாலு வாய் சாப்பிட்டிருப்பேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. வியர்த்துக் கொட்டி, தலை சுற்றிப் படுத்துவிட்டேன். இனிப்பு சிறுகுடலுக்குள் அவசரமாக இறங்கினால் இப்படி ஆகும், எடை குறைய இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை ஆபரேஷன் செய்தவர்களுக்கு இன்னும் அதிகம் என்று பிறகுதான் தெரிந்தது. சீட்டில் ‘சுகர்’ வேண்டாம் என்று போட்டிருந்தது. கருப்பட்டி அத்தைக்கு ‘சுகர்’ இல்லை, மருந்து. தன் கையால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அன்று முழுக்க அழுதார். அந்த அழுகைதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதே உளுந்தை, கருப்பட்டி இல்லாமல், பூண்டும் சீரகமும் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி நன்றாக அரைத்துக் கொடுத்திருந்தால் எனக்கு அது அமிர்தம். பின்னால் அதுதான் என் காலை உணவாயிற்று. எங்கள் அடுப்படியில் இல்லாத எதையும் நீங்கள் புதிதாக வாங்கச் சொல்ல வேண்டியதில்லை. பாசிப்பருப்புக் கடைசல், மசித்த சாளை மீன், கெட்டித் தயிர், சுண்டல், ஆவியில் வெந்த முட்டை எல்லாம் இருக்கின்றன. எந்த வாரம் எது, எத்தனை கரண்டி என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்கிறீர்கள். சரி. சாம்பார், ரசம், மோர் என்று ஊற்றி ஊற்றிப் பிசைந்து சாப்பிடும் எங்களுக்கு அதில் எது சாப்பாடு, எது தண்ணீர்? நானே தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். இலையின் முறையையே திருப்பிப் போட்டேன். முதலில் மீனோ முட்டையோ சுண்டலோ, அப்புறம் கூட்டு, கடைசியில் இடம் இருந்தால் இரண்டு கரண்டி சாதம். ரசத்தைத் தனியாக, நேரம் விட்டு, டம்ளரில் குடிக்கிறேன். அவசரமாக விழுங்கிய ஒரு உருண்டைச் சாதம் நெஞ்சில் கல் மாதிரி நின்ற வேதனையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எடை வேகமாகக் குறையும்போது பலருக்கும் இப்படி ஆகும், பெரும்பாலும் திரும்ப வளரும் என்று ஒரே ஒரு வாக்கியம் முன்பே சொல்லியிருந்தால் எத்தனை இரவு தூங்கியிருப்பேன்!

ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிடச் சொன்ன சத்து மாத்திரை விஷயத்தில் என் தப்பும் உண்டு. ஏழாவது மாதம் உடம்பு நன்றாக இருந்தது. இத்தனை மாத்திரை கிட்னிக்கு ஆகாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நிறுத்திவிட்டேன். அதற்கு முன்னாலும் இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக, அதுவும் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், காபியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதெல்லாம் தெரியாது. இரண்டாம் வருடம் கால் விரல்களில் மதமதப்பு, படியில் தடுமாற்றம். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 தரை தட்டியிருந்தது. ஊசி போட்டுச் சரியாகப் பல மாதம் ஆயிற்று. இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்த பிறகு சாப்பாட்டிலிருந்து பி12ஐப் பிரித்து உள்ளே சேர்க்கும் வேலையே குறைந்துவிடுகிறது, அதனால் இந்த மாத்திரைகள் ஆயுள் முழுக்க என்பதை அப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

முதல் ஆறு மாதம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. எத்தனை கிலோ குறைந்திருக்கிறது என்று கேட்டார்கள். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை. அதன் பிறகு போனே இல்லை. எனக்குத் தேவைப்பட்டது அதன் பிறகுதான்.

உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. என்ற அளவு ஆசியர்களுக்கு 27.5 இருந்தாலே இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022இல் அமெரிக்க, சர்வதேச மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கின்றன. இனி இன்னும் நிறையப் பேர் உங்களிடம் வருவார்கள். அவர்களுக்காகக் கேட்கிறேன். ஆபரேஷனுக்கு முன்பே, வீட்டில் சமைப்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். சீட்டைத் தமிழில், கரண்டியிலும் டம்ளரிலும் எழுதுங்கள். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் என்று பெயர் சொல்லி விலக்குங்கள். விடாமல் வாந்தி வந்தால் ‘வயிறு பழகுகிறது’ என்று வீட்டிலேயே இருக்கக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அப்படி வாந்தி நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து மூளையும் நரம்பும் கெட்டுப்போகலாம் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வருடமும் ரத்தப் பரிசோதனைக்கு நீங்களே கூப்பிடுங்கள். நாங்கள் மறந்துவிடுவோம்.

அத்தையும் நானும் இந்த மூன்று வருடத்தில் ஒரு நோட்டு எழுதி வைத்திருக்கிறோம். எந்த வாரம் என்ன ஒத்துக்கொண்டது, எது நெஞ்சில் நின்றது, பொங்கலன்று என்ன செய்தோம் என்று 80 பக்கம் இருக்கும். வேண்டுமானால் பிரதி எடுத்துத் தருகிறேன். நீங்கள் கூப்பிட்டால் வார்டுக்கு வந்து, புதிதாக ஆபரேஷன் ஆனவர்களின் வீட்டில் சமைப்பவர்களுக்கு உளுந்தங்கஞ்சி காய்ச்சும் பக்குவம் சொல்லித்தர அத்தையும் தயாராக இருக்கிறார். இந்த முறை அவரை உள்ளே உட்கார வையுங்கள்.

அன்புடன்,
திருநெல்வேலியிலிருந்து ஒரு ஆசிரியை