63-3 மட்டும்தான் தெரியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று நான்கு அணியிலிருந்து பன்னிரண்டு அணியாக விரிந்த கதையைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி. 2023இல் எங்கள் ஊர் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணியை அதில் சேர்க்காமல் விட்டது சரிதானாம். பிறகு பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் ஜார்ஜியா அணியிடம் 63-3 என்று தோற்றதே அதற்குச் சாட்சியாம். இதை எழுதிவிட்டு உங்கள் கட்டுரையாளர் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். என்னால்தான் போக முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை. அந்த சீசனில் பிளேஆஃப் தேர்வு நாள் வரை ஃபுளோரிடா ஸ்டேட் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆர்லாண்டோவில் லூயிசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யு.) அணியை 45-24 என்று வென்றது. கிளெம்சனை அதன் ஊரிலேயே ஓவர்டைமில் 31-24 என்று வென்றது. நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவுடன் டாலஹாசியில் ஆட்டம். நானும் மைதானத்தில் இருந்தேன். முதல் கால்பகுதியிலேயே, அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் உடைந்தது. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனபோது அவ்வளவு பெரிய மைதானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் மூச்சுவிடுவது கேட்டது. அன்றைக்கு 13-0 என்று பின்தங்கியிருந்த அணி கடைசியில் 58-13 என்று ஜெயித்தது. குவார்ட்டர்பேக் போனால் அணியே போச்சு என்கிறவர்கள் அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு டிராவிஸ் இல்லாமலே கெய்ன்ஸ்வில் போய் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியை 24-15 என்று வென்றார்கள். மாற்று குவார்ட்டர்பேக்கும் ஆட முடியாமல் போனதால், சார்லட்டில் நடந்த, எங்கள் கான்ஃபரன்ஸான (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) ஏ.சி.சி.யின் இறுதியில் முதலாண்டுப் பையன் பிராக் க்ளென் இறங்கினான். அழகான ஆட்டம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் தடுப்பாட்டக்காரர்கள் லூயிவில் அணியை ஒரு டச்டவுன்கூட (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டுவது) எடுக்கவிடவில்லை. 16-6. பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்று வெற்றி. மறுநாள் பிளேஆஃப் தேர்வுக் குழு மிஷிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா என்று நான்கு பெயரை வாசித்தது. கடைசி இரண்டும் ஆளுக்கு ஓர் ஆட்டம் தோற்றவை. பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றைத் தோல்வியே இல்லாமல் வென்ற அணி, நான்கு அணி பிளேஆஃப் நடந்த காலத்தில் வெளியே நின்றது அந்த ஒரு முறைதான். டிராவிஸ் இல்லாமல் இது வேறு அணி என்றார் குழுத் தலைவர். அவர் அப்போது என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர். அதுவும் இதே ஏ.சி.சி.தான். நல்ல உறவு! பாவம், அந்த டிராவிஸ், என் கால் சீசனில் இன்னும் முன்னாலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி குவார்ட்டர்பேக் மட்டுமில்லை என்று பார்த்திருப்பீர்களே என்று எழுதினார். அதையாவது உங்கள் கட்டுரையாளர் படித்தாரா?

2014இல் ஒஹையோ ஸ்டேட் மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்து விஸ்கான்சினை 59-0 என்று வென்றதும் குழு அவர்களை உள்ளே விட்டது. அவர்கள் பட்டத்தையே தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போது மட்டும் அது வேறு அணியாகத் தெரியவில்லை போலும்.

சரி, 63-3க்கு வருவோம். அந்த ஆட்டத்தில் எங்கள் முக்கிய ஆட்டக்காரர்களான கியான் கோல்மன், ட்ரே பென்சன், ஜாரெட் வெர்ஸ் மூவருமே இறங்கவில்லை. இன்னும் பலரும் இல்லை. பட்டம் இல்லை என்றான பிறகு, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வாசலில் நிற்கும் பையன்கள் எதற்காக முழங்காலைப் பணயம் வைக்க வேண்டும்? என்.எஃப்.எல். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த டிராஃப்ட்டில் அந்த அணியிலிருந்து பத்துப் பேர் எடுக்கப்பட்டார்கள். பந்தியிலிருந்து எழுப்பிவிட்டுவிட்டு, சரியாகவே சாப்பிடவில்லை பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்வதுபோல் இருக்கிறது உங்கள் வாதம். பன்னிரண்டு அணி முடிவை ஃபுளோரிடா ஸ்டேட் விவகாரத்தோடு முடிச்சுப்போட்டிருப்பதும் தவறு. அது 2022லேயே எடுத்த முடிவு. 2024இல் நாங்கள் 2-10 (இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி) என்று விழுந்தோமே, அதை எழுதுங்கள், வாய் திறக்க மாட்டேன்.

உங்கள் இதழில் இந்த விளையாட்டுக்கு இப்படி நடப்பது புதிதில்லை. இந்தக் கட்டுரைக்குப் போட்ட படமே ஒரு என்.எஃப்.எல். அணியுடையது. 2017இல் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணி (யூ.சி.எஃப்.) தோல்வியே இல்லாமல் முடித்தும் வாய்ப்புப் பெறாதபோது நான் எழுதிய கடிதத்தை 'இடமின்மையால்' வெளியிடவில்லை. அதே இதழில் ஐ.பி.எல். ஏலத்துக்கு இரண்டு பக்கம் இடம் இருந்தது. அப்புறம், 2023 தீபாவளி. எங்கள் ஊர்ச் சங்கம் விழாவை நவம்பர் 11, சனிக்கிழமை வைத்தது. அன்றைக்கு டாலஹாசியில் மயாமியுடன் ஆட்டம் என்று நாள் குறித்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மண்டபம் பாதி காலி. இளைய தலைமுறை பண்பாட்டை மறக்கிறது என்று நீங்கள் ஒரு தலையங்கமே எழுதினீர்கள். பிள்ளைகள் மட்டுமா? அவர்களோடு அப்பா அம்மாக்களும் மைதானத்தில்தான் இருந்தார்கள். பட்டுப் புடவையோடு வந்தவர்களையும் பார்த்தேன். 27-20, நாங்கள்தான் ஜெயித்தோம். தலையங்கத்தில் அது வரவில்லை.

பாபி பௌடன் பயிற்சியாளராக இருந்த காலத்தில் மாணவனாக இந்த ஊருக்கு வந்தவன் நான். ஊரில் ஒருவரையும் தெரியாத எனக்கு முதலில் பேச்சுத்துணை கிடைத்தது இந்த மைதானத்தின் படிக்கட்டில்தான். இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். கேளுங்கள்.

நான் மறுப்புக் கட்டுரை கேட்கவில்லை. அடுத்த இதழின் 'திருத்தம்' பகுதியில், '2023 சீசனில் ஃபுளோரிடா ஸ்டேட் பிளேஆஃப் தேர்வு நாளன்று 13-0 (பதின்மூன்று வெற்றி, தோல்வி இல்லை)' என்று ஒரு வரி போடுங்கள். படத்தையும் மாற்றினால் நல்லது. சந்தா புதுப்பிக்கும் படிவம் வந்து சேர்ந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
டாலஹாசி, ஃபுளோரிடா