தூண்டில் நரம்பைக் கரையில் வீசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் ஜெராம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் ஆட்கள் மோட்டார் சைக்கிளில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். நானும் போகிறவன்தான். மீன் பிடிப்பதில் தப்பில்லை. சிக்கல் விழுந்த தூண்டில் நரம்பை, அதாவது நைலான் நூலை, அறுத்து அங்கேயே வீசுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

போன மாதம் தண்ணீர் வற்றிய நேரம், உள்ளான் என்கிற கரைப்பறவை ஒன்று சேற்றில் நொண்டிக்கொண்டிருந்தது. இரண்டு கால்களையும் சேர்த்து நரம்பு சுற்றியிருந்தது. பிடித்துப் பார்த்தால், ஒரு விரல் கறுத்துச் சுருங்கி, காய்ந்த மிளகாய்க் காம்பு மாதிரி இருந்தது. நரம்பு தோலுக்குள் இறங்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டது. நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தோம்.

இந்தப் பறவைகளில் பல சைபீரியா வரை போய்க் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர் வாக்கில் சிலாங்கூர் கரைக்கு வருகின்றன. ஏப்ரல் வரை சேற்றுப் புழு, சிறு நண்டு தின்று உடம்பைத் தேற்றும். நடந்து நடந்துதான் தீனி. கண்ணுக்குத் தெரியாத நைலான் காலில் மாட்டினால், நடக்க நடக்க இறுகும். அது லேசில் மக்கவும் மக்காது.

நகராண்மைக் கழகம் கரையோரம் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாயை நட்டு வைத்தால் போதும், பழைய நரம்பை அதில் போடலாம். தூண்டில் கடைக்காரர்களும் ஒரு பெட்டி வைக்கலாமே! அதுவரை, ஒரு சாணுக்கும் குறைவாக நறுக்கி வீட்டுக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் காகம் இழுத்துப் போய்விடும். சிக்கிய பறவையைக் கண்டால் நரம்பைப் பிடித்து இழுக்காமல் வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர், ஜெராம், கோலசிலாங்கூர்