செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: உப்புத் தண்ணீரும் ஒரு கட்டுமான நிறுவனமும்

நம் திருவொற்றியூர்க் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கு, கொசு மருந்து, குடிநீர் பற்றிய மனுக்களை மண்டல அலுவலகத்தில் கொடுத்தோம். விளக்குகள் எரிகின்றன, குடிநீருக்கு இன்னும் அலைகிறோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது வேறொரு வேலை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் திருவொற்றியூர்த் தெருக்களில் நின்ற தண்ணீரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும் வடிகாலின் வாயிலேயே செங்கல் துண்டும் பூச்சு உதிரியும் மேடாகக் கிடந்தன. நம் பகுதியில் அடுக்குமாடி வீடு கட்டும் ஒரு நிறுவனத்தின் டிப்பர் அங்கே கொட்டியதை உறுப்பினர்கள் சிலர் பார்த்திருந்தார்கள். புகார் கொடுப்பது என்றுதான் போன பொதுக்குழுவில் பேசினோம். அதற்கு முன் ஒருமுறை நேரில் கேட்டுவிடலாம் என்று போனோம். உரிமையாளர் மறுக்கவில்லை. "அடுத்த ஐந்து வருஷத்துக்குத் தொழிலை எப்படி நடத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பசுமைக் கட்டடம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சோலார் வைத்தால் போதுமா? நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள்" என்றார். சரி என்று உட்கார்ந்தோம்.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா, மேஸ்திரி அண்ணன், மகளிர் குழு அக்கா இருவர், நான் என்று ஐந்து பேர். மரக்கன்றும் சோலாரும் நல்லவைதான், ஆனால் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு என்று ஐயா சொன்னார். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியது எல்லாரும் அறிந்தது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் குளோரைடு (உப்பில் இருக்கும் பொருள்) லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. சைட்டின் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம்; தாண்டியிருந்தது. கடற்கரைக் காற்று படும் கட்டடத்துக்கு எம்30 கான்கிரீட்டும் (எம் எண் கூடக் கூட வலிமை கூடும்), கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) வேண்டும் என்பதும் அதே விதிதான். சைட்டில் எம்20 கலவை ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி அண்ணன் எங்களைத் தெருத்தெருவாக அழைத்துப்போய் பால்கனிகளைக் காட்டினார். கட்டி இருபது வருஷம் ஆகாத வீடுகளில்கூட அடிப்பூச்சு பெயர்ந்து துருக்கம்பி தெரிகிறது. அதை இடித்துக் கட்டினால் சிமென்ட், ஜல்லி, மணல், கம்பி எல்லாம் இரண்டாம் முறை செலவாகும். இடிபாடு மறுபடி நம் வடிகாலுக்குத்தான் வரும். அதனால் நிறுவனத்தின் திட்டத்தில் முதல் பக்கத்தை நல்ல தண்ணீர், சரியான கலவை, போதிய கவர் ஆகிய மூன்றுக்கே ஒதுக்கச் சொன்னோம். விலை ஏறும் என்று உரிமையாளர் தயங்கினார். "தண்ணீர் சோதனைச் சீட்டைக் காட்டி வீட்டை விற்றுப் பாருங்கள், நாங்களே வாங்குவோம்" என்று மகளிர் குழு அக்கா ஒருவர் சொன்னதுதான் அவரை அசைத்தது. இப்போது விற்பனை ஒப்பந்தத்தோடு அந்தச் சீட்டையும் இணைக்கிறார்கள்.

அடுத்தது சாம்பல். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அது கல்லாகவும் சிமென்டாகவும் சுவருக்குள் போனால் ஆற்றுக்கு அந்த அளவு குறையும். பி.பி.சி. எனும் சாம்பல் கலந்த சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் சாம்பல் சேர்க்கலாம்; உப்பையும் அது நன்றாகத் தாங்கும். ஆனால் சாதாரண சிமென்டுக்கு 7 நாள் கியூரிங் (கான்கிரீட் இறுக ஈரமாக வைத்திருப்பது) போதும் என்றால் இதற்கு 10 நாள் வேண்டும். தண்ணீர் வீணாகாமல் இருக்கத் தூண்களுக்கு ஈரக் கோணிச் சாக்கு சுற்றுகிறார்கள்.

இடிபாட்டுக்கு வருகிறேன். லோடு ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி, மாநகராட்சியின் கொடுங்கையூர் மறுசுழற்சி மையத்துக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். அங்கே அரைத்துக் கிடைக்கும் ஜல்லியை எம்25 வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம்தான் சேர்க்கலாம். நாம் கேட்டதோ எம்30. ஆகவே அடித்தளத்துக்குக் கீழே கம்பியில்லாமல் போடும், எம்15-க்கும் குறைந்த மெலிந்த கலவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னோம். அதற்கு முழுவதுமாகவே அந்த ஜல்லியைப் போட, ஜல்லிக்கான தரவிதி இடம் தருகிறது.

அப்புறம், சித்தாள்கள். கட்டடச் செலவில் 1 சதவீதம் நல வரியாகக் கட்டப்படுகிறது. ஆனால் அந்த சைட்டில் வேலை செய்த பெண்கள் பலர் நல வாரியத்தில் பதிவே செய்யவில்லை. நம் சங்க அறையில் உட்கார வைத்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். இந்த ஆண்டில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்த இரண்டு நாட்கள் அவை.

நடக்காததையும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு ராத்திரி, துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் பழைய இடத்திலேயே ஒரு லோடு கொட்டிவிட்டார். சீட்டு இருந்ததால் மறுநாளே யாருடையது என்று தெரிந்து, நிறுவனமே அள்ளிக்கொண்டு போனது. எம்-சாண்டை (கல்லை அரைத்த செயற்கை மணல்) தெருவில் குவிப்பது இன்னும் நிற்கவில்லை.

கட்டட இடிபாட்டுக்கான மத்திய அரசின் புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. அவற்றின் முக்கியப் பொறுப்புகள் 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டடங்களுக்கே. நம் தெருவில் எழும்பும் சின்னக் கட்டடங்களை அந்தப் பொறுப்புகள் தொடாது. ஆகவே இதே லோடு சீட்டு முறையை நம் பகுதியின் மற்ற கட்டுநர்களிடமும் கேட்க, எங்கள் ஐவர் குழு ஓராண்டு நீடிக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்