எதிர் நாற்காலி

அன்புள்ள மரீனா அப்ரமோவிச் அம்மாவுக்கு,

வணக்கம். இது உங்கள் கைக்கு வந்து சேராது என்று தெரியும். இருந்தாலும் உங்களுக்குத்தான் எழுதத் தோன்றுகிறது.

2010-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், மார்ச் நடுவிலிருந்து மே கடைசி வரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். நிகழ்த்துக் கலைஞரான உங்களுக்கு அந்த உட்கார்தலேதான் கலை. மொத்தம் 700 மணி நேரத்துக்கு மேல். எதிர் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பேச்சு கிடையாது. ஒருவர் எழுந்து போனதும் தலை குனிந்து கண்ணை மூடிக்கொள்வீர்கள். அடுத்தவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் கண் திறப்பீர்கள்.

உங்கள் பழைய துணைவர் உலாய் வந்து உட்கார்ந்ததும், நீங்கள் கை நீட்டி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டதும்தான் ஊரெல்லாம் பரவியது. எனக்கு மற்றவர்கள்தான் முக்கியம். 1,500 பேருக்கு மேல், முன்பின் தெரியாதவர்கள். புகைப்படக் கலைஞர் மார்கோ அனெல்லி ஒவ்வொரு முகத்தையும் படம் பிடித்து, எத்தனை நிமிடம் உட்கார்ந்தார்கள் என்றும் குறித்து வைத்தார். எத்தனை பேர் கண்ணில் தண்ணீர்! நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை, பார்த்தீர்கள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் சாமியிடம்கூட, "தாயே, கண் திறந்து பாரம்மா" என்றுதான் முதலில் கேட்போம்.

என் அப்பா சுவர் விளம்பரம் எழுதியவர். சிமெண்ட், உரம், பனியன் எதுவானாலும், கீழே வலது ஓரத்தில் தன் பெயரைப் பொடி எழுத்தில் போட்டு 'ஆர்ட்ஸ்' என்று சேர்ப்பார். பஸ் அந்தச் சுவரைத் தாண்டும்போது அவர் சுவரைப் பார்க்க மாட்டார். பஸ்ஸில் இருக்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்த்துவிட்டால் போதும், அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பக்கோடா வரும். அப்புறம் பிளெக்ஸ் வந்தது. அவர் எழுதிய சுவர் இன்று ஒன்றுகூட இல்லை. அந்தப் பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் ஒருநாள்கூட "நல்லாயிருக்குப்பா" என்று சொன்னதில்லை. இதை நினைத்தால் இப்போதும் நெஞ்சை அடைக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, போனை உள்ளே வைத்துவிட்டு, அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னடா, பணம் ஏதும் வேணுமா?"

"இல்லப்பா, சும்மாதான்."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நான் எழுந்திருக்கவில்லை என்றதும் என்னைப் பார்த்தார். நான்கு நிமிடம் இருக்கும். பிறகு சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்புடன்,
ஒரு பெயிண்டர் மகன்