மேல் அறைக்கு எத்தனை பி.ரி.யூ.?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

மருமகன் வட்ஸ்அப்பில் அனுப்பிய ஏசிப் படமும் விலையும் பார்த்தேன். 24,000 பி.ரி.யூ., அதாவது இரண்டு தொன். பி.ரி.யூ. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு, ஏசி ஒரு மணித்தியாலத்தில் அறையிலிருந்து எவ்வளவு வெப்பத்தை எடுக்கும் என்பதை அதில்தான் சொல்வார்கள். கடைப் பொடியனும் "பெரிசாப் போட்டா சட்டெண்டு குளிரும்" என்று சொன்னானாம். வேண்டாம் மகள். காரணத்தைப் போனில் சொல்லத் தொடங்கினால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி, மருமகனுக்கும் வாசித்துக் காட்டு. வீடு உனக்கென்று எழுதித் தந்தது, அதில் எதைப் பூட்டுவது என்பது உங்கள் விருப்பம்தான். ஆனாலும் விஞ்ஞானம் படிப்பித்த ஒருத்தி இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாது.

முதலில் இந்தத் தொன் கணக்கு. மெசினின் நிறை இல்லை இது. அந்தக் காலத்தில் குளிரை ஐஸ் கட்டியால்தானே அளந்தார்கள். ஒரு அமெரிக்கத் தொன் ஐஸ், ஏறத்தாழ 907 கிலோ, 24 மணித்தியாலத்தில் கரையும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு தொன். மணிக்கு 12,000 பி.ரி.யூ., வாட்டில் சொன்னால் 3,500 சொச்சம். வாழைச்சேனையில் ஆழ்கடலுக்குப் போகும் வள்ளங்களுக்கு ஐஸ் ஏற்றுவதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். அந்த மாதிரி இரண்டு தொன் ஐஸை 12 அடிக்கு 14 அடி அறைக்குள் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறான் அந்தப் பொடியன்.

கடையில் தொங்கும் அட்டவணை தரைப் பரப்பை மட்டும்தான் பார்க்கும். உன் மேல் அறை 168 சதுர அடி. அமெரிக்கர்களின் பழைய கணக்கு சதுர அடிக்கு 20 பி.ரி.யூ., இரண்டு பேருக்கு மேல் இருந்தால் ஆளுக்கு 600 கூட்டு என்று சொல்லும். அப்படிப் பார்த்தால் நாலு பேர் படுக்கும் உன் அறைக்கு 5,000 கூட வராது. எங்கள் ஊர்க் கடையில் அதே அறைக்கு 12,000, ஆளின் பேச்சைப் பொறுத்து 18,000. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அங்கே எட்டடி உயரம், கூரைக்குள் பஞ்சு அடைத்த வீடு. இங்கே பத்தடி உயரம், வெயிலில் வெறுமனே கிடக்கும் கொங்கிறீட் சிலாப். ஆகவே தரையை விட்டுவிட்டு, வெப்பம் எந்த வழியால் உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

நான் அளவு நாடாவோடு மேலே போய் இருந்து கணக்குப் போட்டேன். அப்பா கீழே நின்று சிரித்தார். வெயில் உச்சத்தில் இருக்கும் பின்னேரத்துக்குத் தோராயமான கணக்கு இது. சிலாப் வழியாக மட்டும் 1,400 வாட் இறங்குகிறது. வெளிப்பக்கச் சுவர்கள் இரண்டாலும் 550. மேற்குப் பக்கக் கண்ணாடி யன்னலால், அது சின்ன யன்னல்தான், இன்னொரு 550. நாலு பேர் சும்மா இருந்தாலே ஆளுக்கு 100 வாட் விடுகிறோம், அது 400. கதவிடுக்கால் வரும் சூட்டுக் காற்று, பேன், லைட் எல்லாம் சேர்த்து 350. மொத்தம் 3,250 வாட். ஒரு வாட்டுக்கு 3.4 பி.ரி.யூ. என்று பெருக்கினால் 11,000 சொச்சம் வரும். அறை இப்போது இருக்கிற நிலையிலேயே 12,000 போதும் மகள். 24,000 இதில் இரண்டு மடங்கு.

இரண்டு மடங்கு இருந்தால் என்ன, கெதியாகக் குளிருமே என்று மருமகன் கேட்பார். குளிரும். அங்கேதான் பிரச்சினை. ஏசிக்கு இரண்டு வேலை. சூட்டைக் குறைப்பது ஒன்று, காற்றில் இருக்கும் ஈரத்தை எடுப்பது மற்றது. 1902இல் வில்லிஸ் கரியர் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்கு முதன்முதலாக இதைச் செய்துகொடுத்ததே ஈரத்துக்காகத்தான். ஈரக் காற்றில் கடதாசி ஊதிச் சுருங்கி, ஒரு நிறத்துக்கு மேல் மற்ற நிறம் சரியாக விழாமல் போனதாம். ஈரத்தை எடுக்க நேரம் வேண்டும். உள்ளே இருக்கும் சுருள் குளிர்ந்து, காற்றில் இருக்கும் நீராவி அதில் படிந்து, துளியாகி, குழாய் வழியாக வெளியே வடிய வேண்டும். பெரிய மெசின் கொஞ்ச நேரத்திலேயே அறையை 24 பாகைக்குக் கொண்டுவந்துவிட்டு நின்றுவிடும். சுருளில் படிந்த தண்ணீர் வடிவதற்கு முன் பேன் அதைத் திரும்பவும் அறைக்குள்ளேயே ஊதிவிடும். பிறகு சூடு ஏற, கொம்பிறசர் திரும்ப எழும்பும், திரும்ப நிற்கும். அறை குளிராக இருக்கும், ஆனால் படுக்கை விரிப்பு சவசவவென்று ஒட்டும், அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அளவான மெசின் நின்று நிதானமாக ஓடும். ஈரமான இரவில் மணிக்கு ஒரு லீற்றர் தண்ணீரை வெளியே கொட்டும்.

நீங்கள் இருக்கும் கட்டாரில் இது உனக்குப் பெரிதாகத் தெரிந்திராது. வெளியே 45 பாகை கொதிக்கும்போது எந்தப் பெரிய மெசினுக்கும் ஓய்வில்லாமல் வேலை இருக்கும். இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் பகலில் ஈரமில்லாமல் காய்ந்துதான் கிடக்கும். பின்னேரம் கடற்காற்று திரும்பினதும் உடம்பு பிசுபிசுக்கத் தொடங்கும். கார்த்திகை, மார்கழி மாரியில் சூடு குறைவு, ஈரம் கூட. அப்போது பெரிய மெசினுக்கு வேலையே இருக்காது. நீங்கள் ஆடி, ஆவணி லீவுக்கு வந்து போய்விடுவீர்கள். மாரியில் அந்த அறையில் படுக்கப்போவது நாங்கள்.

"இப்ப வாறதெல்லாம் இன்வேட்டர், பெரிசு எண்டாலும் தானாக் குறைஞ்சு ஓடும்" என்றும் கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. இன்வேட்டர் கொம்பிறசரின் வேகத்தைக் குறைக்கும், ஆனால் எந்த மெசினும் ஒரு எல்லைக்குக் கீழே இறங்காது. இரவில் உன் அறைக்குத் தேவைப்படுவது அந்த எல்லையை விடக் குறைவாக இருந்தால், அதுவும் நின்று நின்றுதான் ஓடும். இன்வேட்டரே வாங்கு, அதில் எனக்கு மறுப்பில்லை. அளவைத்தான் சொல்கிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்த 3,250 வாட்டில் ஆகப் பெரிய பங்கு சிலாப்புடையது. சித்திரையில் சூரியன் எங்களுக்கு உச்சிக்கு நேரே வருகிறது, ஆவணிக் கடைசியில் திரும்பவும் வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் அப்படியொன்றும் சாய்ந்துவிடுவதில்லை. கொங்கிறீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்து, இரவு சாப்பாட்டு நேரத்திலும் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் வெளியே காற்று வந்த பிறகும் உன் அறை அடுப்படி மாதிரி இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு மெசினை மட்டும் பெரிதாக்கினால், மேலே இருந்து வரும் வெயிலோடு மாதாமாதம் காசு கட்டிச் சண்டை பிடிப்பதுதான் மிச்சம்.

சிலாப்பின் மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். உள்ளே ஒன்பதடியில் சீலிங் அடித்து, அதற்கு மேல் வெப்பம் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு விரிக்கலாம். மேற்கு யன்னலுக்கு வெளிப்பக்கமாக ஒரு நிழல் தட்டி வேண்டும். உள்ளே திரைச்சீலை போடுவது போதாது, கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். இவ்வளவும் செய்தால், என் கணக்கில் கூரையின் 1,400 ஏறத்தாழ 500 ஆகும், யன்னலின் 550 ஒரு 300க்கு இறங்கும். மொத்தம் 2,100 வாட், பி.ரி.யூ.வில் 7,000 சொச்சம். அப்போது 9,000 மெசினே தாராளம். 24,000க்கும் 9,000க்கும் உள்ள விலை வித்தியாசத்தை இந்த வேலைக்குப் போடலாம். கறண்ட் போன இரவிலும் சீலிங் வேலை செய்யும், ஏசி செய்யாது. ஆகவே என் சொல் இதுதான்: சீலிங் அடித்தால் 9,000, அடிக்காவிட்டால் 12,000.

யன்னலுக்கு மேலே காற்றுக்காக விட்ட ஓட்டைக் கற்களை மறந்துவிடாதே. அவற்றைக் கண்ணாடி போட்டு அடைக்காவிட்டால் வாவிக் காற்றையெல்லாம் நாங்கள்தான் குளிராக்க வேண்டி வரும். நிரந்தரமாகப் பூசி மூடவும் கூடாது. ஏசி போடாத நாளில் அதுதான் அறைக்கு மூச்சு. படிக்கட்டுப் பக்கம் கதவில்லாத இடத்துக்கும் சேர்த்துக் குளிராக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடு. கீழ் ஹோலும் குசினியும் அந்தப் படிக்கட்டோடு ஒன்றாகத் திறந்து கிடக்கின்றன, அதற்கு எந்த மெசினும் காணாது.

கறண்ட் பில் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. வீட்டுப் பாவனை மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்குத்தான் ஆகக் கூடிய விலை. 12,000 மெசின் முழு வேகத்தில் மணிக்கு ஒரு யூனிட் அளவில் இழுக்கும், 24,000 அதில் இரண்டு மடங்கு. பெரிய மெசினுக்கு வயரும் பிறேக்கரும் பெரிதாக மாற்ற வேண்டி வரலாம். எதை வாங்கினாலும் கறண்ட் போட்டிலிருந்து தனி லைன் இழுத்து, எர்த் சரியாகப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும். ரிமோட்டை 18இல் வைத்தால் கெதியாகக் குளிரும் என்று நினைக்காதீர்கள். 26இல் வைத்துப் பேனையும் மெதுவாகச் சுற்றவிட்டால் போதும்.

ஏசியின் வெளிப் பெட்டியைக் கிழக்குச் சுவரில் வைக்கலாம், அழகாக இருக்கும் என்று மருமகன் அம்புக்குறி போட்டிருக்கிறார். அந்தப் பக்கம் கடல். உப்புக் காற்று நேரே அடித்தால் அலுமினியத் தகடுகள் பொடிப்பொடியாக உதிரும். வடக்குப் பக்கம், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே நிழலும் இருக்கிறது, காற்றுப் போக இடமும் இருக்கிறது. தகடுகளுக்கு உப்புத் தாங்கும் பூச்சு இருக்கிறதா என்று வாங்கும்போது கேட்கச் சொல். இடைக்கிடை நல்ல தண்ணீரால் கழுவும் வேலையை அப்பாவிடம் கொடுத்துவிடலாம். அவர் இன்னும் "முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் எந்த ஏசி?" என்றுதான் கேட்கிறார். நுளம்பைப் பற்றிக் கேட்டால் பதில் இல்லை.

இப்போதைக்கு மெசினுக்குக் காசு அனுப்பாதே. சீலிங் அடிக்கும் பாஸை வரச் சொல்லியிருக்கிறேன், அடுத்த கிழமை அளந்து செலவு சொல்வார். அதை மருமகனுக்கு அனுப்புகிறேன். பிள்ளைகள் உங்கள் அறையில்தான் படுப்பார்களா, அல்லது மகன் இம்முறை எங்களோடு கீழே படுப்பானா என்று மட்டும் கேட்டுச் சொல். சீலிங்கும் அடித்து, ஆளும் குறைந்தால் 9,000தான், வேறு யோசிக்கவே தேவையில்லை.

அன்புடன்,
அம்மா