தண்டுக்குள் ஓடும் வயர்

கும்பகோணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் விளக்கை முடிக்காமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. நேற்று சாயங்காலம் முடிந்தது. பட்டறையிலேயே பிளக்கில் மாட்டிப் போட்டுப் பார்த்தோம். விளக்கு வார்க்கிற பத்தர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிம்மா, டீ சொல்லட்டுமா?" என்றார். எனக்கு அதுவே போதும்.

அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. தை மாதம் கிரகப்பிரவேசத்துக்குக் கட்டாயம் வருவேன். சாப்பாட்டு மேசைக்கு மேலே என்ன விளக்கு மாட்டலாம் என்று கேட்டாயே, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த ஒன்றரை வருஷமாக நாச்சியார்கோவிலில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைக் கேள்.

ஊர் உனக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரி நாட்களில் கல் கருடனைப் பார்க்கப் போனோமே, அதே ஊர்தான். குத்துவிளக்குக்குப் பேர் போன இடம். வார்ப்பு வேலைக்கு அங்கே எல்லாமே காவிரிப் பக்கத்து வண்டல் மண்தான். மாவு மாதிரி மெல்லிசாக இருக்கும். அதைப் பெட்டியில் இறுக்கி, மாதிரியைப் பாதி அழுத்தி, மேலே இன்னொரு பெட்டி வைத்து மறுபாதிக்கும் மண் திணிக்கிறார்கள். பிறகு இரண்டையும் பிரித்து மாதிரியை எடுத்துவிட்டால், விளக்கு இருக்கவேண்டிய இடம் வெற்றிடமாக நிற்கும். பத்தர் வேலை தொடங்குமுன் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் அமுக்கி, அந்தக் கட்டியை இரண்டாக உடைத்துப் பார்ப்பார். விளிம்பு உதிராமல் உடைந்தால் ஈரப்பதம் சரி. உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைவார்.

மூசையில், அதாவது உலோகம் உருக்கும் குடுவையில், பித்தளை உருகும்போது வெள்ளையாகப் புகை கிளம்பும். அது துத்தநாகம் எரிகிற புகை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததுதானே பித்தளை, சூடு மிஞ்சினால் துத்தநாகம் புகையாகப் போய்விடும், வார்ப்பு சிவப்புத் தட்டிவிடும். பத்தரிடம் வெப்பமானி ஏதும் இல்லை. புகையின் கனத்தைப் பார்த்தே "இறக்கு" என்கிறார். இத்தனை மாதத்தில் அவர் சொன்ன நேரம் தப்பி நான் பார்த்ததில்லை.

நான் கணினியில் வரைந்து கொண்டுபோன முதல் விளக்குக்கு இரண்டடித் தண்டு. கணு கிடையாது, வளையம் கிடையாது, மேலிருந்து கீழ் வரை ஒரே வழுவழுப்பு. வயர் போவதற்கு நடுவே முழு நீளத்துக்கும் ஒரு துளை. பத்தர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் குழாய்க் கடையிலயே வாங்கிக்கலாமேம்மா" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். அந்தப் படத்தில் அவர் கைக்கு வேலையே இல்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை, பிடிவாதம் பிடித்தேன். வார்த்தார்கள். லேத்தில் துளை போடும்போது ட்ரில் பிட் பாதி வழியில் ஒதுங்கி, ஒரு பக்கச் சுவர் காகிதம் போல் மெலிந்துவிட்டது. இப்படி மூன்று தண்டுகள் திரும்பவும் மூசைக்கே போயின.

நான்காம் நாள் அவர் வீட்டுக்குள் போய்ப் பழைய குத்துவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்து, என் முன்னால் தரையில் வைத்துத் திருகிக் கழற்றினார். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம். எல்லாமே மரை போட்டுச் சேர்த்தவை. தண்டே இரண்டு துண்டு. அவை சேருகிற இடம் எங்கே தெரியுமா? வளையத்துக்கு உள்ளே. நான் வெறும் அலங்காரம் என்று அழித்துப்போட்ட வளையம்தான் சேர்ப்பை மறைக்கிறது. கழற்றும்போது விரலுக்குப் பிடியும் அதுதான்.

அப்புறம் வேலை மளமளவென்று ஓடியது. தண்டை நான்கு துண்டாக்கினோம். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கும் குறைவு, துளை நேராக விழுந்தது. சேர்ப்புக்குச் சேர்ப்பு ஒரு வளையம். கீழே இடைவெளி அதிகம், மேலே போகப் போக நெருக்கம். இதுதான் இப்போது அந்த விளக்கின் அழகு. சென்னையில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து எத்தனை வருஷம் வரைந்திருந்தாலும் இது எனக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்இடி சுடாது என்கிறார்கள். வெளிச்சம் போகிற பக்கம்தான் சுடாது. அதன் முதுகு சுடும், அந்தச் சூடு போக வழியில்லாவிட்டால் சீக்கிரம் மங்கிப்போகும். கடை விளக்குகளில் இதற்காகவே அலுமினியப் பட்டை வைக்கிறார்கள். எங்களுக்குத் தனியாக எதுவும் தேவைப்படவில்லை. எண்ணெய்த் தட்டு இருந்த இடத்திலேயே எல்இடியைப் பதித்தோம், கனத்த பித்தளை சூட்டை வாங்கிக்கொள்கிறது. மூன்று மணி நேரம் எரிந்தபிறகு தட்டைத் தொட்டால், ஆறிக்கொண்டிருக்கும் காபி டம்ளர் மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். பத்தரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், அவருக்கு அதில் ஒரே சந்தோஷம்.

இந்த நாட்களில் இசாமு நொகுச்சியைப் பற்றி நிறைய நினைத்துக்கொண்டேன். ஜப்பானிய-அமெரிக்கச் சிற்பி. 1951இல் ஹிரோஷிமாவுக்குப் போகும் வழியில் கிஃபு என்ற ஊரில் இறங்கியிருக்கிறார். காகித லாந்தருக்குப் பெயர்போன ஊர், ஆனால் அந்தத் தொழில் அப்போது படுத்துக்கிடந்தது. ஏதாவது செய்யமுடியுமா என்று நகர மேயரே அவரைக் கேட்டிருக்கிறார். மர அச்சைச் சுற்றி மூங்கில் சிம்பை வரிவரியாகச் சுற்றி, அதன்மேல் மல்பெரிப் பட்டைக் காகிதத்தை ஒட்டி, காய்ந்ததும் அச்சை உள்ளேயே துண்டு துண்டாகப் பிரித்து வாய் வழியாக எடுத்துவிடுவது அவர்களுடைய முறை. நொகுச்சி அந்த முறையில் கை வைக்கவில்லை. மெழுகுவத்திக்குப் பதில் பல்பு, காகிதத்தில் பூ ஓவியம் வேண்டாம், அச்சுக்குப் புதுப்புது வடிவம். அவ்வளவே. அகாரி என்று பேர் வைத்தார். நூறு வடிவங்களுக்கு மேல் வந்தன, இன்றும் கிஃபுவில்தான் கையால் செய்கிறார்கள். மூங்கிலும் காகிதமும் எப்படி வளையும் என்று தெரிந்தவர்களிடமிருந்து அவர் தொடங்கினார். நானோ வரைபடத்திலிருந்து தொடங்கிப் பத்தரை அதற்கு வளைக்கப் பார்த்தேன்.

மனசு வலித்த சங்கதி ஒன்றும் உண்டு. விளக்கு முழுசாக முடியுமுன்பே ஒரு ஹோட்டலுக்காக நாற்பது விளக்கு கேட்டு வந்தார்கள், மாதிரி ஒன்றை வாங்கிப் போனார்கள். இரண்டு மாதம் பேச்சுமூச்சு இல்லை. பிறகு அதே வளையம், அதே இடைவெளியோடு மெல்லிய தகட்டில் அழுத்தி எடுத்து, மேலே தங்க நிறம் பூசி அங்கே வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். பத்தரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தூங்கவில்லை. சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தட்டினா மணிச் சத்தம் வருதா?" இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை, மாலதி. அன்றிலிருந்து ஒவ்வொரு விளக்கின் பாதத்துக்கு அடியிலும் அந்தப் பட்டறையின் முத்திரையைக் குத்துகிறோம். என் பெயர் அதற்குக் கீழேதான், அதைவிடச் சின்ன எழுத்தில்.

சரி, உன் மேசை. பத்தமடையில் பாய் நெய்கிற கோரையில் ஒரு விளக்குக்கூடு செய்து தொங்கவிடலாம் என்று நினைக்கிறேன். குண்டு பல்பு காலத்தில் கோரையை அதன் பக்கத்தில் கொண்டுபோகவே முடியாது, கருகிவிடும். இப்போது முடிகிறது. முதலில் விலை உயர்ந்த பட்டுப்பாயைத்தான் வாங்கி வந்தேன். நெசவு அவ்வளவு நெருக்கம், வெளிச்சமே கசியவில்லை. நெய்கிற அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது படுக்கிறதுக்கு நெய்தது. விளக்குக்குன்னா நெருக்கி அடிக்காம விடணும்" என்று சொல்லி, ஒரு முழம் தளர்வாக நெய்து கொடுத்தார். அதற்குள் விளக்கைப் பிடித்தபோது சுவரெல்லாம் மெல்லிசாகக் கோடு கோடாக விழுந்தது. உனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பல்பு வாங்கும்போது அட்டையைப் படி. 2700 கெல்வின் என்று போட்டிருக்கவேண்டும், அது இளமஞ்சள் வெளிச்சம். நம் வீடுகளில் எரியும் வெள்ளை டியூப்லைட் பெரும்பாலும் 6500, அதன் கீழே சாம்பார்கூடச் சோகை பிடித்த மாதிரி தெரியும். பொருளின் நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு (அட்டையில் CRI என்று இருக்கும்) 90க்கு மேல் இருக்கட்டும். மேசைப் பலகையிலிருந்து கூட்டின் அடிவிளிம்பு இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம் மறையாது. எலக்ட்ரீஷியன் பூச்சு வேலைக்கு முன்னாலேயே வயரை இறக்கிவைக்கட்டும்.

மேசையின் நீள அகலத்தை எழுது. அப்புறம் உங்கள் அம்மாவின் குத்துவிளக்கில் அன்னம் தொலைந்துபோய் வெறும் தண்டாக நிற்கிறதே, அதையும் அனுப்பு. பத்தரிடம் சொல்லிவிட்டேன். போட்டோ போதாதாம், விளக்கே வேண்டும் என்கிறார். ஒவ்வொரு பட்டறையும் மரையைத் தன் கணக்கில் போடுமாம், கையில் வைத்துத் திருகிப் பார்த்தால்தான் புது அன்னம் பொருந்தும். துணியில் சுற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் அப்படியே அனுப்பு. அவரே கழுவிக்கொள்வதாகச் சொன்னார்.

அன்புடன்,
வசந்தி